மூன்றாம் தூணின் பாறை

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் காதுக்காரர். பாலமோ, தொழிற்சாலையோ, எட்டு மாடிக் கட்டிடமோ, எது எழும்புவதாக இருந்தாலும் முதலில் அந்த இடத்தில் துளை போட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை மீட்டர் வரை மணல், எங்கே களிமண், எங்கே பாறை என்று தெரிந்தால்தான் மேலே கட்டுகிறவர்கள் கணக்குப் போட முடியும். அந்தத் துளையைப் போடுகிற ரிக் இயந்திரத்துக்கு அவர் ஆபரேட்டர். முப்பது வருஷ அனுபவம். இரும்பு ராடு சுழன்று மண்ணுக்குள் இறங்கும்போது ஒரு கையை லீவரில் வைத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து நிற்பார். மணல் முடிந்தது, களி வந்தாச்சு என்பார். கால் மணி நேரம் கழித்து மாதிரிக் குழாயை மேலே எடுத்துத் திறந்தால் உள்ளே களிமண் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வந்த இஞ்சினியர்கள் வாயைப் பிளப்பார்கள். துளைக்குத் தண்ணீர் விடும் பம்பை ஓட்டிக்கொண்டு இருபது வருஷமாகக் கூடவே இருக்கும் பம்புக்காரர், எங்க அண்ணனுக்கு இருப்பது காதே இல்லை, பூமிக்குள்ளே போட்டு வைத்திருக்கும் டெலிபோன் என்று தம்பட்டம் அடிப்பார்.

அந்தக் காதுதான் பழுதாகிப் போனது. ஒரே நாளில் போயிருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம். இது கொஞ்சம் கொஞ்சமாக, வீட்டில் இருக்கும் பூனை காணாமல் போவதுபோல, எப்போது போனது என்றே தெரியாமல் போனது. கீச்சுச் சத்தங்கள் முதலில் போயின. பறவை, சைக்கிள் மணி, குக்கர் விசில், அப்புறம் பெண்களின் பேச்சு. இஞ்சினின் தடதடப்பும் லாரியின் உறுமலும் மட்டும் பத்திரமாக இருந்ததால், தனக்கு ஒன்றும் இல்லை என்று இரண்டு வருஷம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டார்.

காரணம் தேடி எங்கேயும் அலைய வேண்டாம். மாதிரிக் குழாயை அடித்து இறக்கும் அறுபத்து மூன்று கிலோ சுத்தியல் நாள் முழுக்க இரும்பின் மேல் விழுந்து எழுகிற இடத்துக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றால் யார் காதும் போகும். கம்பெனி காதில் செருகிக்கொள்ள அடைப்பான் கொடுத்துதான் இருந்தது, ஆரஞ்சு நிறத்தில், மெத்துமெத்தென்று. அதை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காதை அடைத்துக்கொண்டு நின்றால் அப்புறம் என்ன காதுக்காரர்? ஒரு பட்டப்பெயர் மனுஷனை எப்படியெல்லாம் கெடுக்கிறது பாருங்கள்.

வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் மனைவி. அவள் முன்னறையில் தையல் இயந்திரம் வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கிறவள். ஒரு மாலை தைத்த துணியைக் கொடுக்கப் போகும்போது, அடுப்பில் குக்கர் இருக்கிறது, நாலு விசில் வந்ததும் அணைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது மாடிப்படியிலேயே கருகல் வாடை. அவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். காதுதான் போச்சு என்றால் மூக்குமா போச்சு என்று முதலில் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

இழுத்துக்கொண்டுதான் போனாள் காது டாக்டரிடம். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதுகளில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரல் அசையும்போதெல்லாம் இவர் அழுத்தினார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற வேலை. அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். அதற்கப்புறம் பொத்தானுக்கு வேலையே இல்லாமல் போனது. காகிதத்தில் கோடு படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போயிருந்தது. போனது திரும்ப வராது, கருவி மாட்டிக்கொள்ளுங்கள், சத்தம் உள்ள வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் அந்தக் காகிதத்தை எட்டாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார் அவர்.

"கருவிய மாட்டிட்டு ரிக்ல போய் நிக்கச் சொல்றியா? அன்னைக்கே கேட்டுல வாட்ச்மேனா உக்கார வச்சிருவாங்க" என்றார்.

மனைவி அன்றிலிருந்து பேசுவதற்கு முன்னால் அவர் தோளைத் தொடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டாள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தால் அவர் உடனே மனைவியிடம் நீட்டிவிடுவார். அப்பாவுக்கு என் மேல் என்ன கோபம், ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாரே என்று மகள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவாள். அப்பாவுக்கு வேலை அலைச்சல் என்று இவள் இந்தப் பக்கம் சமாளிப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து இருவரின் பேச்சையும் மனைவியின் முகத்திலிருந்து படித்துக்கொண்டிருப்பார்.

வேலையிடத்தில் சமாளிப்பதற்கு என்று ஒரு சாமர்த்தியம் வந்துவிட்டது. வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். புரியாவிட்டால் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு போய்விடுவார். பத்துப் பேர் சிரித்தால் தானும் சிரிப்பார். அண்ணனுக்கு வயசாக ஆக முறைப்பு கூடிப்போச்சு என்று பம்புக்காரர் நினைத்துக்கொண்டார். லீவரின் அதிர்வும், துளையிலிருந்து வழியும் தண்ணீரின் நிறமும் பெரும்பாலும் காதின் வேலையைச் செய்துவிட்டன. தரையில் போட்ட துளைகளில் ஒரு தப்பும் வரவில்லை.

பிறகுதான் ஆற்றுப் பாலத்து வேலை வந்தது. இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. ஆற்றுக்குள் ஐந்து தூண், தூணுக்கு ஒரு துளை. இரும்புப் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தின் மேல் ரிக்கை ஏற்றி, நாலு பக்கமும் கம்பிவடம் கட்டி நிறுத்தி, அதன் மேல் நின்று வேலை.

பாறை தட்டுப்பட்டதும் துள்ளிக் குதிக்கக் கூடாது. ஆற்றோடு என்றைக்கோ உருண்டு வந்து மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பெருங்கல்லும் பாறை மாதிரியேதான் கடிக்கும். அதைப் போல்டர் என்பார்கள். அடியில் மறுபடியும் மண்தான் இருக்கும். அதனால்தான் பாறைக்குள் முழுசாக மூன்று மீட்டர் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். வைரப்பொடி பதித்த குழாய் பாறையை வெட்டி, கரும்புத் துண்டு மாதிரி உருளை உருளையாக மேலே கொண்டுவரும். அந்தக் கல்லுருளைக்குப் பெயர் கோர். குழாயின் நீளம் ஒன்றரை மீட்டர், ஆக இரண்டு தடவை எடுக்க வேண்டும். வந்ததை வரிசையாக மரப்பெட்டியில் அடுக்கிப் படம் எடுத்தால், இஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

மூன்றாம் துளையில் பதினாலாவது மீட்டரில் பாறை கடித்தது. முதல் தடவை ஒன்றரை மீட்டரும் பின்னமில்லாமல், கண்ணாடி மாதிரி வந்தது. இரண்டாவது தடவைக்குக் குழாயை இறக்கும்போதே மேலே எங்கேயோ பெய்த மழை ஆற்றில் வந்துவிட்டது. தண்ணீர் கண்முன்னே ஏறுகிறது, கம்பிவடம் விறைக்கிறது, தெப்பம் ஆடுகிறது. கரையிலிருந்து, அந்த வேலைக்குப் பொறுப்பான இஞ்சினியர் அம்மா இரண்டு கையையும் தூக்கி, ஏறி வந்துவிடுங்கள் என்று ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சாண் போயிருக்கும். லீவர் லேசாக உதறியது. அவர் கண் முழுக்கக் கம்பிவடத்தின் மேலேயே இருந்தது, தெப்பத்தின் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டார். ரிக்கை நிறுத்தினார். கரைக்கு வந்ததும், "பாறைதான், சந்தேகமே வேண்டாம்" என்றார். காதுக்காரர் சொல்லிவிட்டால் அப்புறம் மறுபேச்சு ஏது?

தண்ணீர் வடிய ஒன்பது நாள் ஆனது. திரும்பத் தெப்பத்தை அங்கே கொண்டுபோய், மூடிப்போன துளையை மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். அவர் போடவில்லை. நாலாம் துளைக்குப் போனார்கள். அங்கே பாறை நன்றாகவே இருந்தது, அதே சாம்பல் நிறம். தேவைக்கு மேல் ஒரு குழாய் அதிகமாக எடுத்தார். அந்தத் துண்டுகளைப் பம்புக்காரர் கழுவிக் கொடுக்க, மூன்றாம் துளையின் பெட்டியில் காலியாக இருந்த வரிசைகளில் அடுக்கினார். படம் எடுத்தார்கள். இஞ்சினியர் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

பெட்டி நிரப்புவது இந்தத் தொழிலில் புதிதா என்ன? அவரே அதற்கு முன்னால் இரண்டு தடவை செய்திருக்கிறார். பாறை என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் மட்டும். அவர் மனசுக்குள் அது பொய்யாகவே படவில்லை. இருக்கிற பாறைக்கு இன்னும் கொஞ்சம் பாறையை ஒட்டுப் போடுகிறோம், அவ்வளவுதானே என்று இருந்தார்.

இப்போது அவர்கள் வேறொரு வேலையில் இருந்தார்கள். தொழிற்சாலை கட்டப்போகிற ஒரு பொட்டல் நிலம். போன வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தபோது பம்புக்காரர் எதிரே இருந்து பேச்சை எடுத்தார். பஸ்ஸில் வரும்போது பார்த்தாராம், ஆற்றுப் பாலத்தில் மூன்றாம் தூணுக்கு அஸ்திவாரப் பைல் இறக்கிக்கொண்டிருக்கிறார்களாம். சொல்லிவிட்டு, வெகு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"அன்னைக்குக் கடைசில சத்தம் மாறுச்சேண்ணே. கல்லு கடிக்கிற சத்தம் போயி தொபதொபன்னு கேட்டுது. தண்ணியும் வெள்ளை மாறி செம்மண்ணா வந்துச்சு. அது என்னண்ணே, பாறைக்குள்ள வெடிப்பா?"

காதுக்காரரின் கையில் இருந்த கவளம் கையிலேயே இருந்தது. "ஆமா, வெடிப்புதான்" என்று சொன்னது வாய்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் காதுக்காரர். பம்புக்காரர் சிரித்தார். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது, உனக்குக் கேட்காமலா இருக்கும், காதுக்காரனுக்கு நான் போய்ப் பாடம் எடுக்கவா என்றார். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டார்.

வெடிப்பாகவும் இருக்கலாம். அதை மறந்துவிடக் கூடாது. பாறைக்குள் விரல்கடை அகலத்துக்கு மண் நிரம்பிய வெடிப்பு இருப்பது சகஜம், அதனால் ஒரு கெடுதியும் வராது. போல்டராகவும் இருக்கலாம். ஒன்றே முக்கால் மீட்டர் கல், அதற்குக் கீழே எத்தனை ஆழத்துக்கோ சேறு. அவர் காது நன்றாக இருந்திருந்தால் அந்தத் தொபதொப சத்தத்தை நாலு நொடி கேட்டதுமே எது என்று சொல்லியிருப்பார். இன்னும் அரை மீட்டர் இறக்கிப் பார்த்திருப்பார். இப்போது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி சாட்சி சொல்லிக்கொண்டிருப்பது அவர் நிரப்பிய பெட்டி மட்டும்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு. பல் வலிக்கு மருந்து வாங்கிவருகிறேன் என்று வீட்டில் புளுகிவிட்டு ஆற்றுக்குப் போனார். மூன்றாம் தூணின் இடத்தில் ஒரு ஆள் நின்று இறங்குகிற அளவுக்குப் பெரிய இரும்புக் குழாய் தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கம்பிக் கூடு கட்டி முடித்துக் கிடத்தியிருந்தார்கள். பைல் மேஸ்திரி பழக்கமானவர். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் ரிப்போர்ட்டில் சொன்ன இடத்தில், அச்சு மாறாமல் பதினாலு மீட்டரில் பாறை தட்டியது, சொன்னபடி அரை மீட்டர் உள்ளே வெட்டி நிறுத்தியாச்சு, செவ்வாய்க்கிழமை காலையில் கான்கிரீட் ஊற்றுகிறோம் என்றார். தூணுக்கு ஒரே ஒரு பைல்தான். மேலே வரப்போகிற பாரம் அத்தனையும் அந்த ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.

நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தார். மேஸ்திரி கையை விடாமல் புகழ்ந்துகொண்டே இருந்தார். வெறும் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

மருந்து வாங்கப் போனவர் வெறுங்கையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்ததை மனைவி பார்த்தாள். தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். தோளைத் தொட்டாள்.

அவர் ஒன்று விடாமல் சொன்னார். பெட்டி நிரப்பியதைச் சொன்னபோது அவள் முகம் சுண்டிப்போனது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் ஒரு நூல் கண்டைக்கூட அடுத்தவர் வீட்டிலிருந்து எடுத்துவந்ததில்லை என்று அவள் சொந்தக்காரர்களிடம் பெருமை பேசியிருக்கிறாள். திட்டினாள். நன்றாகவே திட்டினாள். பிறகு, அது போல்டர்தான் என்று நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியாது. ஒண்ணுமே இல்லாமகூட இருக்கும். அப்படி ஒண்ணுமே இல்லன்னா, நான் வாயைத் திறந்து என் பொழப்பை நானே கெடுத்துக்கிட்டதா ஆகும்."

அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. அவர் வேலை போனால் தன் தையலை நம்பி இரண்டு பேர் உட்கார வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதைவிட, வேலை இல்லாமல் வீட்டில் இந்த மனுஷன் எப்படி இருப்பார் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை முட்டியது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் பார்க்கும்படி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"பாலம் முடிஞ்சா நம்ம பொண்ணு ஊரு பஸ் அதுலதான் போகும்னீங்க. பேரப்பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு அதுல நீங்க ஏறுவீங்களா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, ஏற மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"அப்ப நாளைக்குப் போய்ச் சொல்லிருங்க" என்றாள் அவள். எழுந்து போய் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு அதன் பிறகு அவள் ஒரு தையலும் போடவில்லை.

திங்கட்கிழமை காலை. தொழிற்சாலை நிலத்திலும் அதே இஞ்சினியர் அம்மாதான் பொறுப்பு. முப்பத்தைந்து வயது இருக்கும், வேலையில் கெட்டிக்காரி, யாரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டாள். தகரப் பெட்டி மாதிரி ஒரு சைட் ஆபீஸ், உள்ளே ஒரு மேசை, சுவரில் வரைபடம், தலைக்கு மேல் மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர். காதுக்காரர் உள்ளே போனார். சாட்சிக்கு இருக்கட்டும் என்று பம்புக்காரரையும் கூட்டிக்கொண்டு போனார். எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் தூணுக்கு நாளைக்குக் கான்கிரீட் ஊற்ற வேண்டாம், திரும்பத் துளை போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். இஞ்சினியர் அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். கடைசியில் சத்தம் மாறியது, தண்ணீர் சிவந்தது என்பதைப் பம்புக்காரரும் ஒப்புக்கொண்டார், அது வெடிப்புதானே, அண்ணனே சொன்னாரே என்று சேர்த்தும் கொண்டார். அவள் முகம் தெளிந்துவிட்டது. வெடிப்புக்காகவா இவ்வளவு பதற்றம், பெட்டியில்தான் மூன்று மீட்டர் கோர் இருக்கிறதே என்றாள்.

"அதுல ஒண்ணேகால் மீட்டர் நாலாம் போர்ல இருந்து எடுத்து வச்சது, மேடம். நான்தான் வச்சேன்."

அவள் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். உங்களை நம்பி என் கையெழுத்தைப் போட்டேனே என்றாள். இன்னும் ஏதேதோ சொன்னாள். அவர் குனிந்த தலை நிமிராமல் நின்றதால் அவற்றில் பாதி அவருக்குப் போய்ச் சேரவில்லை. பம்புக்காரர் விலாவில் இடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

கோபம் போக அவளுக்குள் யோசனை ஓடத் தொடங்கியிருந்தது. நாளைக்கு ஊற்றுவதை நிறுத்த வேண்டுமானால் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும், காரணம் கேட்பார்கள், அவளையும் சேர்த்து நிற்க வைத்துக் கேட்பார்கள். முழுகுகிறவர் எதையாவது பிடிக்கத்தானே பார்ப்பார். அவள் அவர் பெயரைப் பிடித்தாள்.

"சரிண்ணே. பெட்டி போகட்டும், தப்புதான். ஆனா அன்னைக்கு நீங்க ரிக்ல நின்னீங்க. உங்க காதுல கேட்டுட்டுத்தான பாறைன்னு சொன்னீங்க? எனக்கு அது போதும். உங்க காது இதுவரைக்கும் தப்பினதே இல்ல."

தப்பிக்க வழி கண்ணெதிரே திறந்து கிடந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாலையில் வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு லீவரைப் பிடிக்கலாம். அப்படி ஒரு ஆசை அவருக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

"எனக்குக் காது கேக்காது மேடம்" என்றார்.

பம்புக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இஞ்சினியர் அம்மாவுக்கும் எரிச்சல் வந்தது. விளையாடுகிற நேரமா இது, இவ்வளவு நேரமாக என்னோடு பேசிக்கொண்டுதானே இருக்கிறீர்கள் என்றாள்.

"உங்க வாயைப் பாத்துப் பேசிட்டிருக்கேன். ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் அப்படித்தான்."

அவள் நம்பவில்லை. நம்ப அவளுக்கு மனசும் இல்லை. டாக்டரின் காகிதம் இருந்திருந்தால் எடுத்து மேசையில் வைத்திருப்பார். அதைத்தான் எட்டாகக் கிழித்தாயிற்றே. அவர் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். சரி, நான் திரும்பி நிற்கிறேன், நீங்கள் ஏதாவது சொல்லுங்கள், கேட்டால் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

சுவரில் நிலத்தின் வரைபடம் இருந்தது. துளை போட வேண்டிய இடங்களில் சிவப்புப் புள்ளி. காதுக்குள் ஜெனரேட்டரின் மந்தமான உறுமல், வேறு ஒன்றும் இல்லை. என்ன சொல்லலாம் என்று மேடம் யோசிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். புள்ளிகளை எண்ணினார். பதினொன்று. திரும்ப எண்ணினார். இவ்வளவுக்கும் நடுவில், கேட்டுவிட வேண்டும் என்று அவருக்குள் ஒரு தவிப்பு எழுந்தது. காது நன்றாகத்தான் இருக்கிறது, எல்லாம் வீண் பயம் என்று ஆகிவிடாதா, ஒரே ஒரு வார்த்தை வந்து விழாதா என்று கழுத்து நரம்பு புடைக்கக் காத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லலாம் மேடம். நான் தயார்" என்றார்.

ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தார். கூச்சப்பட வேண்டாம், சும்மா ஏதாவது சொல்லுங்கள் என்று சுவரைப் பார்த்தே சொன்னார்.

பிறகு அவருக்குச் சந்தேகம் தட்டியது. திரும்பினார்.

இஞ்சினியர் அம்மா நாற்காலியில் இல்லை. மேசையைச் சுற்றி வந்து, அவர் முதுகுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கழுத்து சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வேலையாட்கள் மூன்று பேர் தலையை நீட்டியிருந்தார்கள். யாரை மேடம் இப்படிக் கத்துகிறாள் என்று பார்க்க, கையில் மண்வெட்டியோடு ஓடிவந்தவர்கள். கதவோரம் பம்புக்காரர் தோள்துண்டை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். சத்தத்தைக் கேட்டும் அன்றைக்குச் சொல்லாமல் விட்டவர் அவர். அந்த நினைப்பு அவர் கண்ணில் அப்படியே தெரிந்தது.

இஞ்சினியர் அம்மா கையைத் தூக்கி என்னவோ செய்யப் பார்த்தாள், அவர் தோளில் வைக்க நினைத்தாளோ என்னவோ. வைக்கவில்லை. மேசைக்குப் போய்ப் போனை எடுத்து, திரும்பி நின்று பேசத் தொடங்கினாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. யாரிடம் பேசுகிறாள், என்ன சொல்கிறாள், நிறுத்தச் சொல்கிறாளா, வேறு ஏதாவதா, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வாழ்க்கையே அந்தப் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் மின்விசிறியின் நிழலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பம்புக்காரர்தான் நகர்ந்து வந்தார். இருபது வருஷமாகப் பக்கத்தில் நின்றும் முதுகுக்குப் பின்னால் நின்றும் பேசிப் பழகியவர், சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, முகத்துக்கு நேராக நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உதட்டைப் பெரிதாக அசைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நாளைக்கு ஊத்தல. மறுபடி போர் போட்டுப் பாக்கறாங்க." அதோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். அண்ணனின் கண் தன் வாயை விட்டு நகராததைப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். "வேற ஆபரேட்டர் வர்றாராம்."

காதுக்காரர் தலையை ஆட்டினார்.

"நல்லா காது கேக்கிற ஆளா அனுப்பச் சொல்லு" என்றார்.

அது எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் நின்ற மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனார்கள்.